யாருடைய வேள்வி?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மொழிபெயர்ப்புப் பணி ஒன்றின் பொருட்டுப் புனே நகரில் பத்து நாட்கள் தங்க நேர்ந்தது. நான் பார்க்க வேண்டிய பழைய பதிப்புகள் இருந்த நூலகத்திற்கு அருகில் தமிழ் அன்பர் ஒருவர் குடும்பத்துடன் வசித்து வந்தார். நண்பகல் உணவைத் தம் இல்லத்தில்தான் ஏற்க வேண்டும் என்று அவர் அன்புடன் வற்புறுத்தினார். முதல் நாள் சென்றபோது குழந்தைகள் மூவரும் வீட்டில் இருந்தனர். ஏதோ விடுமுறை என்று எண்ணிக்கொண்டேன். மறுநாளும் இருந்தனர். மூன்றாம் நாள் கேட்டே விட்டேன். மூவரும் பள்ளிக்குச் செல்வதில்லை, வீட்டிலேயே கற்கின்றனர் என்று தெரிந்தது.

மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. அடுத்தவன் ஒன்பது வயதுச் சிறுவன். கடைக்குட்டிக்கு ஐந்து. கூடத்துச் சுவரில் மூன்று வண்ணங்களில் எழுதிய கால அட்டவணை தொங்கியது. ஆனால் அந்த வீட்டில் மணி அடித்தது சமையலறைதான். குக்கர் மூன்றாம் விசில் கொடுத்ததும் அன்னையார் கணக்குப் பாடத்தை நடுவில் விட்டு உள்ளே செல்வார். உடனே மூத்தவள் தன் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தம்பியின் அருகில் வந்து அமர்வாள். பதினேழு இட்லிகளை ஐந்து பேருக்குப் பங்கிட்டால் மீதி எத்தனை, அந்த மீதியையும் சமமாகப் பங்கிட வேண்டுமானால் ஒவ்வோர் இட்லியையும் எத்தனை துண்டாக்க வேண்டும் என்று கேட்பாள். அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, தரையில் படம் வரைந்துகொண்டிருக்கும் கடைக்குட்டி, "எனக்கு மூன்று போதும்" என்று தீர்ப்புக் கூறிவிடும். தனக்கென்று நடத்தப்படாத பாடங்களைக் காதில் வாங்கியே அந்தக் குழந்தை நான்காம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கக் கற்றிருந்தது. பார்க்க இனிய காட்சி.

ஒரு நாள் உணவு பரிமாறியபடியே அன்னையார் கேட்டார்: "நாங்கள் செய்வது சரிதானா, சுவாமிஜி?" அன்போடு செய்வது எதுவும் வீண் போகாது என்பது போல் ஏதோ சொன்னேன். துறவிகளிடம் இத்தகைய விடைகள் எப்போதும் தயாராக இருக்கும்! அவரும் நிறைவடைந்தவர் போல் காணப்பட்டார்.

கடைசி நாள் என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு மூத்தவள் தெருமுனை வரை வந்தாள். ஆட்டோவுக்காகக் காத்திருந்தபோது, "சுவாமிஜி, இது சரியா என்று அம்மா உங்களிடம் கேட்டார்களே, என்னிடம் யாரும் கேட்டதில்லை" என்றாள். சிறிது நேரம் கழித்து, "எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்குமா, பிடிக்காதா என்றுகூட எனக்குத் தெரியாது. போயிருந்தால்தானே தெரியும்?" என்றாள். குரலில் குறையோ வருத்தமோ இல்லை. நான் சொல்ல வேண்டிய விடை எதுவும் தயாராக இல்லை. ஆட்டோ வந்துவிட்டது.

பிள்ளை வளர்ப்பைப் பற்றித் துறவி எழுதுவது பொருந்துமா என்று சிலர் புன்னகைக்கக்கூடும். பிள்ளைகளை வளர்த்தவன் அல்லன் நான். ஆனால் பிள்ளையாக இருந்தவன். எனக்கென்று என் பெற்றோர் வகுத்திருந்த வாழ்க்கை வேறு. தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்றதும் நான் தேர்ந்த வழி வேறு. ஒரு குழந்தையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் உரிமை பெற்றோருக்கு எதுவரை உண்டு என்ற கேள்வி எனக்கு ஏட்டில் மட்டும் எழுந்த கேள்வி அன்று.

சட்டம் என்ன கூறுகிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வியைக் குழந்தையின் அடிப்படை உரிமையாக்கியது. அதைத் தொடர்ந்து 2009இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அச்சட்டம். அவ்வாறு சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. வீட்டிலேயே கற்பிப்பதைப் பற்றித் தனியாக எதுவும் கூறவில்லை. இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வாயிலாகத் தேர்வு எழுதுகின்றனர். பதினான்கு வயது நிறைந்தால் அதன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஆகவே வழி இருக்கிறது. வழி இருப்பதனாலேயே அறக்கேள்வி தீர்ந்துவிடுவதில்லை.

கடோபநிஷதம் ஒரு தந்தையின் வேள்வியுடன் தொடங்குவதை அன்பர்கள் அறிவர். தம்மிடம் உள்ள அனைத்தையும் தானமாகத் தர வேண்டிய வேள்வி அது. தந்தை தருவதோ பால் வற்றிய, புல் தின்னவும் வலுவற்ற கிழப் பசுக்களை. அருகில் நின்று பார்த்த சிறுவன் நசிகேதன், தன்னை யாருக்குத் தரப்போகிறார் என்று தந்தையிடம் மூன்று முறை கேட்கிறான். சினமுற்ற தந்தை, அவனை எமனுக்குத் தந்துவிட்டதாகக் கூறுகிறார். இந்தப் பகுதியைப் பலமுறை பாடம் சொல்லியிருக்கிறேன். நசிகேதனின் சிரத்தையைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு எமலோகத்திற்கு விரைந்துவிடுவதே என் வழக்கம். புனேயிலிருந்து திரும்பிய பிறகுதான் அந்தக் கேள்வியின் அடியில் உள்ள ஒன்று கண்ணில் பட்டது. தந்தையின் உடைமைகளில் தானும் ஒன்று என்று அந்தச் சிறுவன் எவ்வளவு இயல்பாகக் கருதிக்கொள்கிறான்! வேள்வி தந்தையுடையது, அதன் பலனும் அவருக்கே. தரப்படுபவன் மகன்.

எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் வலியுறுத்தினார். தீயவர்கள் இந்த விதியை மீறுவது நமக்கு எளிதில் புலப்படும். நல்லவர்கள், தம் மிக உயர்ந்த கொள்கைகளின் பொருட்டே இதை மீறக்கூடும் என்பதுதான் எளிதில் புலப்படுவதில்லை.

ஒரு தந்தையும் நான்கு மகன்களும்

நம் நாட்டில் வீட்டுக்கல்வியின் மேன்மையையும் இடரையும் ஒருங்கே காட்டும் வரலாறு காந்தியடிகளின் இல்லத்து வரலாறு. மறைக்காமல் அதைச் சொன்னவரும் அவரே.

1897 ஜனவரியில் அவர் டர்பனில் கரை இறங்கியபோது உடன் மூன்று சிறுவர்கள் இருந்தனர்: சகோதரியின் மகனுக்கு வயது பத்து, தம் மகன்களுக்கு ஒன்பதும் ஐந்தும். இவர்களை எங்கே படிக்க வைப்பது? ஐரோப்பியர் பள்ளியில் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியக் குழந்தைகளுக்கு மறுக்கப்படும் இடத்தைத் தம் பிள்ளைகளுக்கு மட்டும் பெற அவர் மனம் ஒப்பவில்லை. கிறிஸ்தவ மிஷன் பள்ளிகள் இருந்தன. அங்கு அளிக்கப்பட்ட கல்வியிலும் அவருக்கு நிறைவில்லை. மாதம் ஏழு பவுன் ஊதியத்தில் ஓர் ஆங்கிலேய மாதை அமர்த்திப் பார்த்தார். தாமும் இயன்றபோது கற்பித்தார். இடையில் மூத்த மகனையும் மருமகனையும் இந்தியாவில் விடுதியுடன் கூடிய பள்ளிகளுக்கு அனுப்பி, சில மாதங்களில் திரும்ப அழைத்துக்கொண்டார்.

பின்னர் ஜோகன்னஸ்பர்க் வாழ்க்கை. மூத்தவர் ஹரிலால் அப்போது இந்தியாவில் இருந்தார். மணிலால், ராமதாஸ், தேவதாஸ் ஆகிய மூவரும் உடன் இருந்தனர். அந்த வீட்டின் அன்றாடமே பாடத்திட்டம் எனலாம். ரொட்டிக்கான மாவை வீட்டிலேயே அரைக்க ஏழு பவுனுக்கு ஒரு கை இயந்திரம் வாங்கினார்கள். அதன் இரும்புச் சக்கரத்தைச் சுழற்ற இருவர் தேவைப்பட்டனர். காந்தியடிகளும் போலக்கும் குழந்தைகளும் முறை வைத்து அரைத்தார்கள். களைத்த குழந்தை விளையாடப் போகலாம், கட்டாயம் இல்லை. கழிப்பறையைத் துப்புரவு செய்வதும் குழந்தைகளின் கல்வியில் அடங்கியது. தந்தையின் அலுவலகம் போய்வர ஐந்து மைல். சிறுவர்களும் உடன் நடப்பார்கள். வேறு யாரும் வந்து பேச்சுக் கொடுக்காவிட்டால், அந்த நடையின்போது உரையாடலாகவே பாடம் நிகழும். மொழியோ குஜராத்தி. ஆங்கிலத்தைச் சிறு வயதிலேயே பழக்கினால் பிள்ளைகள் வாழ்க்கையில் முந்திச் செல்வார்களே என்று போலக் சூடாக வாதிட்டதும், காந்தியடிகள் அசையாமல் நின்றதும் 'சத்திய சோதனை'யில் பதிவாகியுள்ளன. இந்த விவாதம் இன்றும் நம் இல்லங்களில் சாப்பாட்டு வேளையில் தொடர்கிறது அல்லவா?

1910இல் காலன்பாக் அளித்த ஆயிரத்து நூறு ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை எழுந்தது. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கு குடியேறின. பல வயதினரும் பல சமயத்தினருமான குழந்தைகள் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். காலையெல்லாம் வயல் வேலை, பாடமோ பிற்பகலில். ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒன்றாகவே உறக்கம் வரும். தமிழ் கற்பிக்கும் பொறுப்பைக் காந்தியடிகளே ஏற்றார். போப் எழுதிய தமிழ்க் கையேட்டைத் தாண்டாதது அவருடைய தமிழறிவு. கப்பலிலும் சிறையிலும் கற்றது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த அந்தத் தமிழ்ச் சிறுவர்களுக்கோ எழுத்து தெரியாது, பேச்சு தெரியும். ஆகவே அவர் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஆங்கிலம் அறியாத தமிழர் யாரேனும் அவரைக் காண வந்தால் மாணவர்கள் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஆயினர்! தம் அறியாமையை மாணவர்களிடம் மறைக்க முயலாததால்தான் அந்த வகுப்பு மகிழ்ச்சியாக நடந்தது என்கிறார் அவர். வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் பலருக்கு இந்த ஒரு செய்தி போதும். தமக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் சுமைதான் அவர்களைக் களைப்படையச் செய்கிறது.

இன்னொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. பண்ணைக்கு வந்த சிறுவர்களில் சிலர் முரடர்கள். அவர்களோடு உங்கள் பிள்ளைகளைக் கலக்க விடலாமா என்று காலன்பாக் கவலைப்பட்டார். தம் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் வேற்றுமை காட்டக் காந்தியடிகள் மறுத்துவிட்டார். தீய சேர்க்கையிலிருந்து காப்பதற்காகவே பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று இன்று சிலர் கூறுகின்றனர். பள்ளியைத் தவிர்த்த காந்தியடிகள் உலகத்தைத் தவிர்க்கவில்லை.

இத்தனை மேன்மைகளுக்கும் நடுவே அவரே ஒரு கணக்கை நம் முன் வைக்கிறார். நாள்தோறும் ஒரு மணி நேரமாவது தவறாமல் பிள்ளைகளின் ஏட்டுக் கல்விக்கு ஒதுக்க முடிந்திருந்தால் அவர்களுக்குச் சிறந்த கல்வியை அளித்திருக்கலாம்; ஒதுக்க முடியவில்லை. அந்தக் குறை மகன்களுக்கு இருந்தது. பட்டம் பெற்றவர்களைக் காணும்போது தாங்கள் பள்ளிக்குச் செல்லாதது அவர்களை உறுத்தியது. மற்ற மூவரும் தந்தையின் நிலையைப் புரிந்துகொண்டனர். மூத்தவர் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்வது நியாயமாகாது; அவர் கொடுத்த விலை அதிகம்.

ஹரிலால் தந்தையின் போராட்டத்திற்குப் புறம்பானவர் அல்லர். தென்னாப்பிரிக்காவில் பலமுறை சிறை சென்றவர். மக்கள் அவரைச் 'சின்ன காந்தி' என்றே அழைத்தனர். படிக்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் அவரை விட்டு அகலவில்லை. காந்தியடிகளின் நண்பர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா, அவருடைய மகன் ஒருவரை லண்டனில் படிக்க வைக்க உதவி அளிக்க முன்வந்தார். அந்த வாய்ப்பைத் தம் மகனுக்குத் தராமல் உறவினர் சகன்லாலுக்கு அளித்தார் காந்தியடிகள். அவர் உடல்நலம் குன்றித் திரும்பியபின் சொராப்ஜி அடாஜானியா என்ற பார்சி இளைஞருக்கு அளித்தார். பொதுவாழ்வில் தன்னலமின்மைக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா? ஆனால் அந்தத் தன்னலமின்மையில் துறக்கப்பட்டது யாருடைய வாய்ப்பு? 1911இல், இருபத்து மூன்றாம் வயதில், ஹரிலால் தந்தையைப் பிரிந்து இந்தியா திரும்பி, அகமதாபாதில் பள்ளி மாணவனாகச் சேர்ந்தார். மெட்ரிகுலேஷனில் அவரால் வெற்றி பெற இயலவில்லை. 1915இல் தந்தைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி அச்சிட்டார். படிப்பு கிடைக்கவில்லை என்பதைக் காட்டிலும், தங்கள் கருத்தைத் தந்தை செவிமடுக்கவில்லை என்பதே அதன் ஆழ்ந்த குறை.

காந்தியடிகளைக் குறை கூற நமக்குத் தகுதி இல்லை என்று இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது வழக்கம். நிறுத்திக்கொண்டால் அவர் தம் வாழ்க்கையை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்ததற்குப் பயன் இல்லாமல் போகும். சலுகையை மறுத்தது சரி, தாய்மொழியில் பற்றி நின்றது சரி, உடலுழைப்பைக் கல்வியாக்கியது மிகச் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. குறை கொள்கையில் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. பள்ளியை மறுத்த அன்றே, பள்ளி தந்திருக்கக்கூடியதைத் தாமே தருவதாகத் தந்தை ஒரு கடன் ஏற்றுக்கொள்கிறார். கொள்கை ஒரு நாளில் எடுக்கும் முடிவு. கடனோ நாள்தோறும் அடைக்க வேண்டியது: விருந்தினர் வந்த நாளிலும், தலைவலி வந்த நாளிலும், நாட்டுக்கே தலைவலி வந்த நாளிலும். விரதம் பூண்டவரே அதன் பசியைத் தாங்க வேண்டும். பசி வேறொருவருக்கு என்றால் அதை விரதம் என்பது எப்படி?

மூத்த குழந்தை

புனே வீட்டில் நான் கண்ட இனிய காட்சிக்கு மீண்டும் வருகிறேன். குக்கர் விசில் கேட்டதும் மூத்தவள் தன் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள் என்று எழுதினேன். அந்தப் புத்தகம் மீண்டும் எப்போது நிமிர்ந்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கற்பதும், மூத்தவர் இளையவருக்குக் கற்பிப்பதும் நமக்குப் புதியன அல்ல. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தார். மணலில் எழுதிப் பழகிய நம் சிறுவர்களைக் கண்டுதான், சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. இதையொத்த முறையை லங்காஸ்டர் என்பவரும் அங்கே நடத்தினார். அதை முனைந்து ஆதரித்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் மில். இந்தியாவைப் பார்க்காமலேயே இந்திய வரலாற்றை எழுதிய அதே ஜேம்ஸ் மில்தான்.

அவருடைய மூத்த மகன், புகழ்பெற்ற தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், பள்ளிக்கே சென்றதில்லை. மூன்று வயதில் கிரேக்கம். தந்தை இந்திய வரலாற்றை எழுதிய மேசையின் மறுபுறம் அமர்ந்து, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அவரிடமே பொருள் கேட்டுப் படித்த சிறுவன் அவன். காலையில் தந்தையுடன் நடந்தபடியே முந்தைய நாள் படித்ததை ஒப்பிப்பான். எட்டு வயதில் லத்தீன். அப்போதே தங்கைக்கும் அதைக் கற்பிக்கும் பொறுப்பு அவன்மேல் விழுந்தது. ஒன்பது குழந்தைகள் உள்ள வீடு. ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் அவனுக்கு மாணவர் ஆயினர். அவர்கள் பாடத்தைத் தவறாகச் சொன்னால் தந்தையிடம் விடை சொல்ல வேண்டியவனும் அவனே. கற்பித்ததால் தன் கல்வி உறுதிப்பட்டது என்பதை மில் தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த வேலையைத் தாம் மிகவும் வெறுத்ததையும், குழந்தை குழந்தைக்கு ஆசிரியராகும் உறவு இருவருடைய மனத்திற்கும் நல்லதன்று என்று தாம் கருதுவதையும் அவர் மறைக்கவில்லை. 1826இல், இருபதாம் வயதில், எதிலும் மகிழ்ச்சி தோன்றாத பெரும் மனச்சோர்வு அவரை ஆட்கொண்டது. அதற்குக் காரணம் பல. கற்றது குறைவு என்பது நிச்சயம் அவற்றுள் ஒன்றன்று.

இளையவர்களைக் கவனித்துக்கொள்வது மூத்த குழந்தையின் கடமைதானே என்று கேட்கலாம். ஆம். பெரிய குடும்பங்களில் வளர்ந்த யாரும் அதை மறுக்க மாட்டார். அந்தக் கடமையிலிருந்து அன்பும் பொறுப்பும் விளைகின்றன. ஆனால் பள்ளிக்குச் செல்லும் மூத்தவளுக்குச் சில மணி நேரமாவது அவள் யாருக்கும் அக்கா இல்லை. வெறும் மாணவி. வீட்டிலேயே கற்கும் மூத்தவளுக்கு அந்த ஓய்வு தானாக வாய்ப்பதில்லை. யாரேனும் நினைத்து அளித்தால்தான் உண்டு.

இதற்கு எதிராக ஒரு வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் மட்டும் குழந்தையைக் கேட்டுவிட்டா அனுப்புகிறார்கள்? மூன்றரை வயதில் அழுதுகொண்டே எல்.கே.ஜி. வாசலில் நிற்கும் குழந்தையின் சம்மதத்தை யார் பெற்றார்கள்? இது வலிமையான வாதம். பள்ளிகளில் நிகழும் கொடுமைகளையும் மதிப்பெண் வெறியையும் அறிந்த எவரும் பள்ளியே அறம், வீடு பிழை என்று சொல்லத் துணிய மாட்டார். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, விரும்பியோ விரும்பாமலோ ஒவ்வொரு வீடும் பள்ளியாயிற்று. தம் பிள்ளைகள் அதுவரை எதையெல்லாம் கற்காமல் மனப்பாடம் செய்திருந்தனர் என்பதைப் பல பெற்றோர் அப்போதுதான் கண்டனர்.

ஆயினும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. பள்ளியில் ஆசிரியர் கடிந்துகொண்டால் குழந்தை மாலையில் தாயிடம் வந்து அழலாம். தாய் கடிந்துகொண்டால் மறுநாள் தோழியிடம் சொல்லிச் சிரித்துவிடலாம். வீட்டுக்கல்வியில் தந்தையும் ஆசிரியரும் தேர்வாளரும் நீதிபதியும் ஒருவரே. வீடு பள்ளியாகிவிட்டால், பள்ளி விட்டுத் திரும்பிச் செல்ல வீடு இல்லை. அதிகாரம் எவ்வளவு அன்பானதாயினும், முறையிட வேறிடம் இல்லாதபோது அது முழு அதிகாரமாகிவிடுகிறது. ஆகவே கேட்கும் கடமை, மற்றப் பெற்றோரைவிட இவர்களுக்கே மிகுதி. ஒரு முறை கேட்டாலும் போதாது. ஐந்து வயதில் கேட்க முடியாததை ஒன்பதில் கேட்கலாம். ஒன்பதில் சொன்ன விடை பதின்மூன்றில் மாறலாம்.

நம் உபநிஷதத் தந்தையர் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தனர் என்று தோன்றுகிறது. உத்தாலகர் தாமே பேரறிஞர். ஆயினும் சுவேதகேதுவைப் பன்னிரண்டாம் வயதில் வேறிடத்திற்குப் படிக்க அனுப்பினார். இருபத்து நான்காம் வயதில் கல்விச் செருக்குடன் திரும்பிய மகனிடம், அங்கு கிடைக்காத ஒன்றை வீட்டில் வைத்துக் கற்பித்தார். ஆலம்பழத்தைப் பிளக்கச் சொன்னதும், உப்பைத் தண்ணீரில் இட்டு வைக்கச் சொன்னதும் அப்போதுதான். பிருகுவோ தன் தந்தை வருணரிடமே கற்றவர். ஆனால் அந்தத் தந்தை விடையைத் தரவே இல்லை. தவத்தால் அறிந்து வா என்று அனுப்புகிறார். அன்னமே பிரம்மம் என்று கண்டு திரும்பும் மகனைத் தவறு என்று தண்டிக்காமல் மீண்டும் அனுப்புகிறார். மறுபடியும் வருகிறான், மறுபடியும் அனுப்புகிறார். அந்த வீட்டுக் கதவு இரு புறமும் திறந்தது. நசிகேதன் எமனிடம் கேட்ட முதல் வரமும் நினைவுக்கு வருகிறது. ஆத்ம ஞானத்தை அவன் முதலில் கேட்கவில்லை. தான் திரும்பிச் செல்லும்போது தந்தை சினம் தணிந்து, தன்னை அடையாளம் கண்டு வரவேற்க வேண்டும் என்றே கேட்டான்.

இவற்றில் சிலவற்றை, இத்தனை விரிவாக அல்ல, புனே அன்பருக்குக் கடிதமாக எழுதினேன். மகள் என்னிடம் பேசியதை அவளுடைய அனுமதி இன்றிச் சொல்வதா என்று தயங்கி அதை விட்டுவிட்டேன். குழந்தைகளைக் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டிருந்தேன். நெடுநாள் விடை இல்லை. புண்பட்டுவிட்டார் போலும் என்று எண்ணினேன்.

கடந்த ஆண்டு கடிதம் வந்தது. மூத்தவளிடம் கேட்டார்களாம். பள்ளியில் சேர வேண்டும் என்பாள் என்று எதிர்பார்த்து, அன்னையார் அதற்குள் அழுதும்விட்டாராம். அவள் நான்கு நாட்கள் அவகாசம் கேட்டிருக்கிறாள். ஐந்தாம் நாள் சொன்னது வேறு: பத்தாம் வகுப்புத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதுகிறேன், பதினொன்றாம் வகுப்புக்கு எங்கே என்பதை அப்போது நானே முடிவு செய்கிறேன், ஆனால் நாளை முதல் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை என்னை யாரும் அழைக்கக்கூடாது, தம்பியின் கணக்கை அப்பா பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதன்படி தொழிற்சாலைக்குக் கிளம்புமுன் தந்தை நாள்தோறும் ஒரு மணி நேரம் மகனுடன் அமர்கிறார். அதற்காக ஐந்து மணிக்கு எழுகிறாராம். பின்னங்களைப் பெருக்கத் தெரிகிறது, வகுக்கும்போது ஏன் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் தமக்கு இன்னும் விளங்கவில்லை என்றும், அதை மகனிடம் சொல்லிவிட்டதாகவும், இருவரும் சேர்ந்து யோசித்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்.